கீழ்வீட்டுத் தூண் இரண்டரை அடி நகர்ந்த கதை

எல்லாம் நான்கு சென்டிமீட்டரால் வந்தது. அப்பாவின் சக்கர நாற்காலி 66 செ.மீ. அகலம். கீழ்வீட்டுத் தூணுக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில் இருந்த வழி 62 செ.மீ. ஒவ்வொரு தடவையும் அவரை வெளியே தூக்கி, நாற்காலியை மடக்கி, அந்தப் பக்கம் கொண்டுபோய் விரித்து, மறுபடி உட்கார வைக்க வேண்டும். ஒரு மாதம் அப்படிச் செய்தபின் என் முதுகும் போனது, அப்பாவின் பொறுமையும் போனது.

எங்கள் வீடு கோலாலம்பூரில் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் ஒரு மேட்டில் இருக்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தட்டு வீடு. பின்னால் தரை சரிந்து இறங்குவதால் ஹாலுக்குக் கீழே இன்னொரு தளம். முன்பக்கச் சுவர் முழுக்க மண்ணை முட்டிக்கொண்டு நிற்கும். பின்பக்கம் கதவு, சந்து, கார் நிறுத்தும் இடம். சிறுவயதில் அது எங்களுக்கு ஸ்டோர். பக்கவாதம் வந்தபின் அப்பாவுக்கு மேல்வீட்டுப் படி ஆகாது என்றதும் அதைத்தான் அவருடைய அறையாக்கினோம். படியே இல்லாமல் காருக்குப் போகலாம். தூண் மட்டும்தான் நந்தி மாதிரி நடுவில்.

மேல்தளம் பலகைத் தளம். குறுக்கே 18 அடிக்கு நான்குக்கு எட்டு அங்குல பாலாவ் மர உத்திரம் ஒன்று. அதன்மேல் சட்டங்கள், சட்டத்தின்மேல் பலகை. 90களில் அப்பா அந்தப் பலகையின்மேல் ஒட்டுப்பலகை அடித்து டைல்ஸ் வேறு போட்டிருந்தார். இந்த உத்திரத்துக்குச் சரியாக நடுவில், ஒன்பதாவது அடியில், பெயிண்ட் அடித்த ஒரு மரத்தூண்.

முதலில் வந்து பார்த்த கட்டட வேலைக் குத்தகைக்காரர் பெயர் வேண்டாம். தூணை இரண்டு தட்டுத் தட்டினார். "இது என்னா பாஸ் பெரிய விசயம்? அறுத்துட்டு ரெண்டடி தள்ளி ஒரு இரும்புப் பைப் வச்சா முடிஞ்சிச்சி. அரை நாள் வேலைலா." விலையும் மலிவாகத்தான் சொன்னார். நான் இருபத்தைந்து வருசமாக ஏர்கோன் (ஏசி) வேலை பார்க்கிறவன். எத்தனையோ கட்டடத்தில் உத்திரத்தைத் துளைக்கப் போய் திட்டு வாங்கியிருக்கிறேன். அரை நாள் என்ற சொல்லே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தெரிந்தவர் மூலமாக ஒரு ஸ்ட்ரக்சரல் இஞ்சினியரைப் பிடித்தேன். என் மகள் வயது இருக்கும். தூணைப் பார்க்கும் முன்னால் வீட்டைச் சுற்றி நடந்தது அந்தப் பெண். வலப்பக்கச் சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறிப்போன ஒரு வெடிப்பில் பேனாவை விட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள், இந்தப் பக்கம் நிரப்பின மண்ணா?" என்று கேட்டது. அப்பாவைக் கேட்டால் ஆமாம், வீடு கட்டும்போது லோரி லோரியாக மண் கொட்டினார்களாம்.

தூணே இல்லாமல் ஒரே நீளமாக இரும்பு உத்திரம் போட்டுவிட்டால் என்ன என்றுதான் நான் ஆசைப்பட்டேன். அதற்கும் அந்தச் சுவர்தான் பதில் வைத்திருந்தது. நடுத்தூண் சுமக்கிற மூன்று டன் சுமை தூணை எடுத்தால் எங்கும் போகாது. பாதி பாதியாக இரண்டு பக்கச் சுவருக்கும் போகும். ஏற்கெனவே வெடித்து நிற்கிற வலப்பக்கச் சுவருக்கு மேலும் சுமை ஏற்றத் தான் கையெழுத்துப் போட முடியாது என்றது இஞ்சினியர். மாறாக, தூணை வலப்பக்கம் இரண்டரை அடி தள்ளினால் அந்தச் சுவருக்கு வரும் சுமை பாதிக்கும் கீழே குறையும். எனக்கும் குளியலறை வழி 138 செ.மீ. கிடைக்கும். இடப்பக்கச் சுவருக்குக் கொஞ்சம் கூடும், அது வெட்டாத மண்ணின்மேல் நிற்கிற ஒன்பது அங்குலச் சுவர், தாங்கும்.

அப்படியானால் பழைய உத்திரத்தையே வைத்துக்கொள்ளலாமே? இங்கேதான் குத்தகைக்காரரின் அரை நாள் வேலை எவ்வளவு ஆபத்தானது என்று புரிந்தது. தூண் நகர்ந்தால் ஒன்பதடி, ஒன்பதடி என்றிருந்தது பதினொன்றரையும் ஆறரையும் ஆகும். இரண்டரை அடிதானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் உத்திரத்தை ஒடிக்கப் பார்க்கிற விசை நீளத்தின் வர்க்கப்படி ஏறும்: 1.63 மடங்கு. தொய்வு நான்காம் அடுக்கில் ஏறும்: 2.67 மடங்கு. பாலாவ் நல்ல மரம்தான், ஆனாலும் ஐம்பது வருசக் கிழவனிடம் ஒன்றரை மடங்குக்கு மேல் வேலை வாங்க முடியாது. வீட்டுத் தளத்துக்கு 1984ஆம் ஆண்டின் கட்டட விதிகள் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம். அதோடு டைல்ஸ், பலகை, மேலே இருக்கிற தடுப்புச் சுவர் எல்லாம் கூட்டி, 203 × 133 அளவில் மீட்டருக்கு 25 கிலோ எடையுள்ள ஐ வடிவ இரும்பு உத்திரம் என்று முடிவானது. 203 மி.மீ. என்றால் எட்டு அங்குலம், பழைய மரத்தின் அதே உயரம். தலை இடிக்காது.

அனுமதி விசயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதை மறைத்துச் செய்கிறார்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி கட்டட அமைப்பில் கைவைக்க மாநகர் மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். வரைபடம், இஞ்சினியர் கையெழுத்து எல்லாம் போனது. ஜூலையில் மழை குறைவாக இருக்கும்போது முடிக்கத் திட்டம் போட்டோம். கையில் தாள் வந்தது செப்டம்பர் கடைசியில். கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் பொத்துக்கொள்ளும் மாதங்கள். தீபாவளி வேறு முன்னால் நின்றது.

என் முதல் தப்பு இங்கே. புது அஸ்திவாரக் குழியை மட்டும் தோண்டி வைத்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே என்று ஒரு சனிக்கிழமை காலையில் நானும் மச்சானும் இறங்கிவிட்டோம். மச்சான் வெல்டர், என் மனைவியின் தம்பி. தரையை உடைக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து, மூன்றடிக்கு மூன்றடி குறித்து உடைத்தோம். குழியின் ஓரம் பழைய தூணிலிருந்து ஓரடிதான் தள்ளி. ஓரடி ஆழம் போனதும் மச்சான் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"மாமா, இங்க வாங்க. தூணுக்கு அடியில ஒன்னுமே இல்ல."

டார்ச் அடித்துப் பார்த்தேன். தரை சிமெண்டு மூன்று அங்குலம். அதன் கீழே உடைந்த செங்கல் ஜல்லி ஒரு கை அளவு. அதன் கீழே மண். அஸ்திவாரம் என்று ஒரு கல் கூடக் கிடையாது. மூன்று டன்னை ஐம்பது வருசமாக அந்த மூன்று அங்குலத் தரைதான் தாங்கிக்கொண்டிருந்தது, நான் அதற்குப் பக்கத்திலேயே குழி தோண்டிக்கொண்டிருக்கிறேன். படம் எடுத்து இஞ்சினியருக்கு அனுப்பினேன். ஒரு நிமிசத்தில் போன் வந்தது.

"அங்கிள், அந்த மண்ண திருப்பிப் போட்டு இடிச்சி மூடுங்க. இப்பவே. மொதல்ல முட்டுக் குடுங்க, அப்புறம் தோண்டலாம்."

மூடினோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அப்பாவை இரண்டு வாரத்துக்குத் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். அது ஆறு வாரமானது.

முட்டுக் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உண்மையான வேலை அதுதான். திருகி உயர்த்துகிற இரும்புக் குழாய்களைக் கட்டுமானச் சாமான் வாடகைக் கடையில் எடுத்தோம், பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் பத்து. உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் மூன்றடி தள்ளி ஒவ்வொரு வரிசை. அதைவிட நெருக்கமாக நிறுத்தினால் குழி ஓரத்தில் கால் நிற்கும். குழாய்க்கு மேலே சட்டங்களைக் குறுக்காகத் தாங்க நான்குக்கு நான்கு மரம். கீழே வெறும் தரையில் வைக்கவே கூடாது. தூணின் கதையைத்தான் பார்த்தோமே. இரண்டு அங்குலம் தடித்த பலகைகளை நீளவாட்டில் விரித்து அதன்மேல் வைத்தோம். ஒவ்வொன்றையும் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தோம். சாய்ந்த முட்டு முட்டே இல்லை.

இரண்டாவது தப்பு திருகுவதில். நோக்கம் மேல்தளத்தைத் தூக்குவது அல்ல, தூணிலிருந்து சுமையை வாங்கிக்கொள்வது மட்டும்தான். ஒரு நாளைக்குக் கால் சுற்று என்று இஞ்சினியர் எழுதியே கொடுத்திருந்தது. முதல் மூன்று நாள் ஒழுங்காகச் செய்தேன். நான்காம் நாள், நடு முட்டு கொஞ்சம் தளர்வாகத் தெரிந்ததால் ஒரே மூச்சில் ஒரு சுற்று சுற்றினேன். மேலே 'டப்' என்று ஒரு சத்தம். பின்னாலேயே மனைவியின் குரல்.

"என்னங்க பண்றீங்க கீழ? சாமி மேடைக்கு முன்னால டைல்ஸ் எழுந்து நிக்குது!"

போய்ப் பார்த்தால் இரண்டு டைல்ஸ் கூடாரம் போட்ட மாதிரி முட்டிக்கொண்டு நின்றன. தளம் பல வருசமாகத் தொய்ந்து போன நிலையிலேயேதான் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதை நேராக்கினால் டைல்ஸ் எங்கே போகும்? லேசர் கோட்டில் பார்த்தேன், ஆறு மி.மீ. தூக்கியிருந்தேன். முக்கால் சுற்றைத் திருப்பி இறக்கினேன். அதற்குப் பிறகு ஹால் சுவரில் இருந்த வெடிப்புகளுக்குக் குறுக்கே பென்சில் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். கோட்டின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் நிம்மதி.

ஆறாவது நாள் பழைய தூணைச் சுத்தியலால் தட்டினால் லேசாக ஆடியது. சுமை முழுவதும் முட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அறுத்து எடுத்தோம். கீழ் முனையைத் திருப்பிப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வெளியே ஒரு விரல் தடிப்புக்கு நல்ல மரம், பெயிண்ட் கூட உரியவில்லை. உள்ளே தேன்கூடு மாதிரி, அதில் ஈர மண். கரையான். சிமெண்டுத் தரைக்குள் மரத்தைப் புதைத்து ஊற்றியதால் அடியிலிருந்து நேராக உள்ளே ஏறியிருக்கிறது. வெளியே ஒரு மண் கோடு கூடத் தெரியவில்லை. உத்திரம் பாலாவ் என்பதால் தூணும் அதே மரம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அறுத்த வாசனையிலும் நிறத்திலும் அதைவிட மென்மையான மெராந்தி மரம் என்று தெரிந்தது. அந்த முனையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். 'அரை நாள் வேலை' என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு.

குழி மறுபடி தோண்டினோம். இரண்டடி வரை நிரப்பிய மண், கண்ணாடித் துண்டு, ஒரு பழைய செருப்பு. இரண்டரை அடியில் மண்வெட்டி 'ணங்' என்றது: கெட்டியான செம்மண். ஒரு கம்பியை இறக்கி அழுத்திப் பார்த்து, இது போதும் என்றது இஞ்சினியர். அன்று மத்தியானமே மழை. குழியில் மேலிருந்து ஒரு சொட்டு விழவில்லை, ஆனால் மேட்டுப் பக்கச் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் மெதுவாக ஊறி வந்தது. ஒரு மணி நேரத்தில் கணுக்கால் அளவு.

மேட்டில் குடியிருப்பவர்கள் தண்ணீரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தபோது எனக்கு இருபது வயது. சரிவில் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் இருந்த தடுப்புச் சுவர் சரிந்துதான் அந்தக் கட்டடம் போனது. எங்கள் வீடு அந்த அளவுக்குப் பெரிய மேடு இல்லைதான். ஆனாலும் குழி வேலையை நிறுத்திவிட்டு ரோட்டுப் பக்கம் போய் லோங்காங்கை, அதாவது சாலையோரச் சாக்கடையைப் பார்த்தேன். எங்கள் வாசலுக்கு நேரே அடித்தளம் வெடித்து, அதில் ஒரு செடியே வளர்ந்திருந்தது. மழைத் தண்ணீரில் ஒரு பங்கு அதன் வழியாக நேரே எங்கள் சுவருக்குப் பின்னால். செடியைப் பிடுங்கி, வெடிப்பை வெட்டி அகலமாக்கி, நீர்க்கசிவு அடைக்கிற சிமெண்டு கலவையால் அடைத்தேன். அடுத்த மழையில் ஊற்று பாதிக்கும் கீழே குறைந்தது. மிச்சத்தைச் சிறிய மோட்டார் வைத்து இறைத்தோம். ஒருவேளை தூண் வேலையே செய்யாமல் இருந்திருந்தால் அந்த லோங்காங்கை நான் பார்த்தே இருக்க மாட்டேன்.

கான்கிரீட் விசயம் சீக்கிரம் முடிந்தது. அடியில் இரண்டு அங்குலம் சத்துக் குறைந்த கலவை, அதன்மேல் 12 மி.மீ. கம்பி இரண்டு வாட்டிலும் 150 மி.மீ. இடைவெளியில், கம்பிக்குக் கீழே இரண்டு அங்குல இடம் விட்டு. ஓரடி தடிப்பு. கணக்குப்படி கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 50 கிலோ சிமெண்டு மூட்டை இரண்டு போதுமாக இருந்தது. கையாலேயே கலந்தோம். தண்ணீர் அதிகம் ஊற்றினால் குழைவது சுலபம், பலம் போய்விடும். மச்சானின் கை வாளிப் பக்கம் போகும்போதெல்லாம் நான் முறைத்தேன். நடுவில் தரைமட்டத்துக்கு மேல் நான்கு அங்குலம் உயரும்படி ஒரு சிறு பீடம் எழுப்பி, 16 மி.மீ. போல்ட் நான்கு நட்டோம். தரை கழுவுகிற தண்ணீர் இரும்பைத் தொடக்கூடாது என்பதற்காக அந்தப் பீடம். பிறகு ஈரச் சாக்கு. ஒரு வாரம் காலை மாலை தண்ணீர்.

தீபாவளி அப்படியே முட்டின்மேல் போனது. ஹாலில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்று இஞ்சினியர் கட்டளை. வந்தவர்களை வாசல் கூடாரத்தில் உட்கார வைத்து முறுக்கு கொடுத்தோம். "ஏன் உள்ள விடமாட்றீங்க, புது சோபாவா?" என்று கேட்டார் ஒரு அத்தை.

மூன்றாவது வாரம் உத்திரம் வந்தது. சுவருக்குள் போகிற பகுதியும் சேர்த்து 5.7 மீட்டர், 142 கிலோ. டக்ட் (ஏர்கோன் காற்றுக் குழாய்) தூக்குகிற என் லிஃப்டர் இரண்டையும் வேலை இடத்திலிருந்து கொண்டுவந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொழில் வீட்டுக்கு உதவியது. பழைய உத்திரத்தை மூன்று துண்டாக அறுத்து இறக்கிவிட்டோம். புதியதைத் தூக்கும்போதுதான் ஒரு சிக்கல்: இரண்டு சுவருக்குள்ளும் நுழைய வேண்டிய உத்திரத்தை இரண்டு சுவருக்கு நடுவிலிருந்து எப்படி நுழைப்பது? இடப்பக்கப் பொந்தை எட்டு அங்குல ஆழத்துக்கு வெட்டி, முதலில் அங்கே ஆழமாகச் செருகி, பிறகு வலப்பக்கம் இழுத்து உட்கார வைக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் எட்டு அங்குலம் வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? வெளிப்பூச்சு பெயர்ந்து விழுந்து, பக்கத்து வீட்டுப் பூனை அந்த ஓட்டை வழியாக எங்களை வேடிக்கை பார்த்தது. இரண்டு முனைக்கும் கீழே கான்கிரீட் கட்டை முன்பே வைத்திருந்தோம். உத்திரம் அதன்மேல் உட்கார்ந்ததும் பொந்தை அடைத்தோம்.

தூண் நூறுக்கு நூறு மி.மீ. சதுரக் குழாய், ஐந்து மி.மீ. தடிப்பு. நிறுத்திப் பார்த்தால் குட்டை. அடியில் 25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் 39. மச்சான் என்னைப் பார்த்தான், நான் மச்சானைப் பார்த்தேன். அளவு கொடுத்தது நான்தான். பழைய தூண் இருந்த இடத்தில் அளந்திருக்கிறேன். தரை தண்ணீர் வடியச் சாய்ந்து போகிறது, இரண்டரை அடியில் 14 மி.மீ. இறங்கிவிட்டது. பீடத்தையும் அந்தத் தரையிலிருந்தே அளந்து எழுப்பியதால் அதுவும் கூடவே இறங்கியிருந்தது. இஞ்சினியரிடம் கேட்டு, இரும்புத் தகடுகளை அடுக்கிக் கொடுத்து, கிரௌட் என்கிற சுருங்காத சிமெண்டுக் கலவையை ஊற்றி நிரப்பினோம். புது இடத்தில் புதிதாக அளக்க வேண்டும் என்பது ஏர்கோன் பைப் வெட்டுகிற பையனுக்கே தெரியும்.

முட்டுகளை இறக்க மூன்று நாள். எல்லாவற்றையும் அரைச் சுற்று, பிறகு ஒரு மணி நேரம் காத்திருப்பு, லேசர் பார்ப்பது, மறுபடி அரைச் சுற்று. சட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி தெரிந்த இடங்களில் கடின மரத் தகடு செருகினோம். கடைசிக் குழாய் கையோடு வந்தபோது நீளப் பக்கத்தின் நடுவில் உத்திரம் இரண்டு மி.மீ. இறங்கியிருந்தது. மூன்று வரை போகலாம் என்று கணக்கு. பென்சில் கோடுகள் எல்லாம் இடத்தில் இருந்தன, ஒன்றைத் தவிர. அதுவும் முடி அளவு.

செலவு, இஞ்சினியர் கட்டணம், இரும்பு, வாடகை, கரையான் மருந்து எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கொஞ்சம் மேல். மச்சானின் கூலியை அவன் வாங்கவில்லை, அதற்குப் பதில் என் லிஃப்டர் ஒன்று இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது. டைல்ஸ் இரண்டும் பழைய மாடல், எங்கும் கிடைக்கவில்லை. சாமி மேடைக்கு முன்னால் வேறு நிறத்தில் இரண்டு கட்டம்.

அப்பா வந்த முதல் நாள் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். 138 சென்டிமீட்டர் வழி. இருந்தும் திரும்பி வரும்போது கால்மிதியால் புதுத் தூணை ஒரு இடி இடித்துப் பெயிண்டைச் சுரண்டிவிட்டார். "இத ஏண்டா இங்க வச்ச?" என்றார். மேலே, பல வருசமாக முட்டித் திறக்க வேண்டியிருந்த படுக்கையறைக் கதவு இப்போது விரலால் தள்ளினால் திறக்கிறது. சமையலறை அலமாரிக் கதவு ஒன்று மட்டும் தானாகத் திறந்துகொள்கிறது. அதற்கு ஒரு ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறேன்.